ஊதி ஆற்றியது

அந்த வாக்கிடாக்கி இன்னும் சூடாகவே இருந்தது.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பொட்டலத்தைப் பிரித்து எடுத்தபோது, யாரோ இப்போதுதான் இடுப்பிலிருந்து கழற்றிக் கொடுத்ததுபோல ஒரு வெதுவெதுப்பு உள்ளங்கையில் ஒட்டியது. வெயிலில் நின்ற வண்டியில் வந்திருக்கும் என்று நினைத்தாள். பேட்டரியைக் கழற்றி மேசையின் மறுகோடியில் வைத்தாள். பேட்டரி இல்லாத கருவி ஆறிப்போக வேண்டும், அதுதான் நியாயம். ஆனால் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து தொட்டுப் பார்த்தபோது, காய்ச்சல்காரனின் நெற்றிபோல அது கணகணவென்று கொதித்தது.

விடுமுறை நாள். வாக்கிடாக்கிகள் செய்யும் அந்தத் தொழிற்கூடத்தில் அவளையும் வாசலில் இருந்த காவலாளியையும் தவிர ஆள் நடமாட்டம் இல்லை. அவள் உட்கார்ந்திருந்தது ஊமை அறையில். அங்கே வேலை செய்கிறவர்கள் அதற்கு வைத்த பெயர் அது. சன்னல் கிடையாது. சுவரும் கூரையும் கனத்த கதவின் உட்புறமும் கூம்பு கூம்பாகக் கறுத்த பஞ்சு. வெளியிலிருந்து எந்த அலையும் உள்ளே நுழைய முடியாது, உள்ளிருந்து எதுவும் வெளியே போகவும் முடியாது. பேசினால் வார்த்தை உதட்டைத் தாண்டியதும் செத்து விழும். கொஞ்ச நேரம் தனியாக இருந்தால் நம் மூச்சே, பக்கத்தில் யாரோ நின்று விடும் மூச்சுபோலக் கேட்கத் தொடங்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, எப்போது அலறுவார்கள் என்று வேடிக்கை பார்ப்பது அங்கே வழக்கம். அவளைத் தள்ளியபோது அவள் அலறவில்லை. "நல்லாத்தானே இருந்துச்சு, ஏன் திறந்தீங்க?" என்று கேட்டாள். கழுத்தில் மீட்டரைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிகிறவள் என்பதால் அவளுக்கு 'மீட்டர்' என்று பட்டப்பெயர். மீட்டருக்குப் பயம் கிடையாது என்று அன்றைக்குப் பேசிக்கொண்டார்கள்.

இன்று அவளுக்கு அந்த அறை பிடிக்கவில்லை.

அந்தக் கருவியின் ஒரு பக்கம் உருகி வழிந்து, மறுபடி இறுகியிருந்தது. அதை வைத்திருந்தவர் ஒரு தீயணைப்பு வீரர். அட்டைப்பெட்டிக் கிடங்கு ஒன்றில் பிடித்த தீயை அணைக்க உள்ளே போனவர், புகையில் வழி தெரியாமல் அங்கேயே இறந்துபோனார். அவர் கடைசியாகப் பேசியது பதிவாகியிருந்தது. விசாரணையில் அதைப் போட்டுக் காட்டியபோது அவளும் கூட்டத்தோடு நின்று கேட்டாள். "எந்தப் பக்கம் வரணும்? யாராவது சொல்லுங்க." வெளியே நின்றவர்கள் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டேயிருந்தார்கள்: "இடது பக்கம்ணே! இடது பக்கம்!" அவர் மறுபடி கேட்டார். மறுபடி சொன்னார்கள். "ஒண்ணும் கேக்கல. எந்தப் பக்கம்?" கோபப்படாமல், கடைசிவரை மரியாதையாகவே கேட்டார். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

அவர் பேசியது எல்லாருக்கும் கேட்டது. எல்லாரும் பேசியது அவருக்குக் கேட்கவில்லை.

ஏன் என்று கண்டுபிடிக்கத்தான் அந்தக் கருவி இப்போது அவள் மேசைக்கு வந்திருக்கிறது. ஏன் என்று அவளுக்குத் தெரியும் என்பது வேறு யாருக்கும் தெரியாது.

வாக்கிடாக்கிக்கு ஆண்டெனா ஒன்றுதான். பேசுவதும் அதன் வழியாக, கேட்பதும் அதன் வழியாக. நடுவில் மிளகளவில் ஒரு சுவிட்ச் இருந்து, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று வழியைத் திருப்பிவிடும். அனுப்பும் பகுதியை அவர்கள் 'வாய்' என்பார்கள், வாங்கும் பகுதியைக் 'காது'. காது நுணுக்கமானது, தொலைதூரத்து முணுமுணுப்பைக் கேட்கப் பழகியது. வாய் போடுவதோ பெருங்கூச்சல். பேசும் பொத்தானை அமுக்கியதும் முதலில் அந்தச் சுவிட்சுக்கு மைனஸ் வோல்ட் வர வேண்டும். அது வந்தால்தான் சுவிட்ச் காதை அடைத்து வாயைத் திறக்கும். அதன் பிறகே கூச்சலுக்கான மின்சாரம். இந்த வரிசை தப்பி மின்சாரம் முந்திக்கொண்டால், மொத்தக் கூச்சலும் சொந்தக் காதுக்குள்ளேயே பாயும், காது கருகும். "முதல்ல காதை மூடு, அப்புறம் கத்து" என்று புதியவர்களுக்குப் பாடம் சொல்லுவாள் அவள். சிரித்துக்கொண்டே சொல்லுவாள்.

மேசையில் இருந்த பவர் சப்ளையின் ஒயர்களைக் கருவியில் பொருத்தினாள். மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் கோடாகக் காட்டும் ஸ்கோப்பின் ஒரு முனையை மைனஸ் மேலும், மற்றொன்றைக் கூச்சலின் மேலும் வைத்தாள். பேசும் பொத்தானை அமுக்கினாள்.

திரையில் பச்சைக் கோடு எழுந்தது. அது எழுந்து நின்ற பிறகுதான், நேரம் தவறி வந்த பிள்ளை வாசலில் தலைகுனிவதுபோல, மஞ்சள் கோடு மெல்லக் கீழே இறங்கியது.

கூச்சல் முதலில். மைனஸ் பின்னால்.

இந்தப் படத்தை அவள் இதற்கு முன்பும் பார்த்திருக்கிறாள்.

இந்தத் தொகுதி வாக்கிடாக்கிகளை அனுப்புவதற்கு முந்தைய நாள். ஒன்றில் ஒரு கம்பி விட்டுப்போயிருந்தது. சால்டர் வைத்துச் சரிசெய்து, பலகை ஆறுவதற்குள் அவசரமாகச் சோதனைக்கு மாட்டினாள். இதே பச்சை, இதே மஞ்சள், இதே வரிசைப் பிசகு. சூடானால் மைனஸ் சோம்பிப்போகிறது. அவளுக்கு அந்த நொடியே புரிந்தது. ஒன்றில் இருந்தால் எல்லாவற்றிலும் இருக்கும். சொன்னால் மொத்தமும் நிற்கும். வெளியே லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். மேலாளர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். அவள் என்ன செய்தாள்? பலகையைக் கையில் எடுத்து, குழந்தைக்குச் சோற்றை ஆற்றுவதுபோல, உதட்டைக் குவித்து ஊதினாள். ஃபூ. ஃபூ. மறுபடி மாட்டிப் பொத்தானை அமுக்கினாள். வரிசை சரியாக வந்தது. பச்சை ஸ்டிக்கரை ஒட்டி, அதன்மேல் தன் அடையாளமான சுழியைப் போட்டாள்.

உருகிய கருவியை இப்போது திருப்பிப் பார்த்தாள். பச்சை ஸ்டிக்கர் ஓரம் பழுத்து, ஆனால் கருகாமல் இருந்தது. சுழி தெளிவாகத் தெரிந்தது. அவள் ஊதிய அதே கருவி.

பிடரியில் ஒரு சூடு பட்டது. மிக லேசாக. யாரோ குனிந்து, ஆற்றுவதற்காக ஊதுவதுபோல.

திரும்பிப் பார்த்தாள். கறுத்த கூம்புகள். அவ்வளவுதான்.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்ததும் கைபேசி உயிர் பெற்று, உடனே அலறியது. மேலாளர்.

"என்னம்மா மீட்டர், ஆளையே காணோம்? உள்ளேயே குடியேறிட்டியா?"

"பார்த்துக்கிட்டிருக்கேன் சார்."

"பார்த்தது போதும்மா. தீயணைப்பு நிலையங்கள்ல அந்த வாக்கிடாக்கி செட்டையெல்லாம் பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டி வச்சிருக்காங்க. உன் ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தனை பேரும் காத்துக் கெடக்கறாங்க. உருகிப்போன செட்டு, நெருப்புல விழுந்த செட்டு. நெருப்புல விழுந்தா எதுதான் கேக்கும்? சரிதானே?"

அவள் கைபேசியை மறுகாதுக்கு மாற்றினாள்.

"வெப்பத்துனால சேதம். தயாரிப்புல குறை இல்லை. இதுல பொய் ஏதாவது இருக்கா? சொல்லு."

வெப்பத்தினால்தான் சேதம். பொய் இல்லை. உண்மையின் மேல் ஒரு சின்ன ஊதல், அவ்வளவுதான்.

அவளுடைய தம்பியும் தீயணைப்பு நிலையத்தில்தான் இருந்தான், நகரத்தின் இன்னொரு மூலையில். அவன் நிலையத்துக்கும் இதே தொகுதிதான் போயிருந்தது. கொடுத்த அன்றைக்கே போன் செய்து கலாய்த்தான்: "உன் சுழி போட்ட செட்டு எனக்கே வந்துருச்சு சின்னக்கா. இனிமே மாட்டிக்கிட்டேன்னா உன்னைத்தான் கூப்பிடுவேன், வராம இருந்துடாதே." அவனுக்கு மட்டும் சாயந்திரம் வீட்டில் தனியாகச் சொல்லிவிடலாம், அதைத் தொடாதே என்று. அடுத்த தொகுதியில் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம். முதலில் அனுப்பிவிடுவோம், அப்புறம் சொல்லிக்கொள்வோம்.

கைபேசியிலேயே அறிக்கையை எழுதி அனுப்பினாள். *வெப்ப சேதம். தயாரிப்பில் குறை இல்லை. தொடர்ந்து பயன்படுத்தலாம்.*

கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டாள்.

கருவியை எடுத்துக் கட்டிவிட்டுக் கிளம்பலாம் என்று மறுபடி உள்ளே போனாள். கதவு தன் கனத்தில் தானே சாத்திக்கொண்டது. ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பவர் சப்ளையை அணைத்தாள். அதன் விசிறி சுற்றி ஓய்ந்ததும், அறையில் இருந்த கடைசிச் சத்தமும் போயிற்று. தன் ரத்தம் காதுக்குள் ஓடுவது கேட்டது. மூச்சு. இன்னொரு மூச்சு. எங்கிருந்தோ அட்டை எரிகிற நாற்றம், பழைய நாற்றம், ஈரச் சாம்பலின் நாற்றம். கருவியிலிருந்துதான் வருகிறது, அதில் வியப்பில்லை என்று சொல்லிக்கொண்டாள்.

மேசைமேல் கருவி தனியாகக் கிடந்தது. ஒயர் இல்லை. பேட்டரி இல்லை. பேட்டரி இருக்கவேண்டிய குழி காலியாக, பல் விழுந்த ஈறுபோலத் தெரிந்தது.

அதன் பக்கவாட்டில் இருந்த பேசும் பொத்தான் உள்ளே அமுங்கியது.

தானாக. மெதுவாக. கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டைவிரல் வைத்து அமுக்குவதுபோல.

"எந்தப் பக்கம் வரணும்?"

அவளுடைய கை அந்தரத்தில் நின்றது.

"ஒண்ணும் கேக்கல. யாராவது சொல்லுங்க."

விசாரணையில் கேட்ட அதே வார்த்தைகள். பதிவுதான், ஏதோ பழைய பதிவு உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அவள் மனம் பற்றுக்கோட்டைத் தேடியது. பதிவு எதில் இருக்கும்? எந்த மின்சாரத்தில் ஓடும்? பொத்தான் வெளியே வந்தது. மறுபடி அமுங்கியது. இந்தமுறை வந்த வார்த்தைகள் விசாரணையில் கேட்காதவை.

"காத்து வருது. எங்கிருந்தோ காத்து வருது... யாரோ ஊதற மாதிரி."

குரல் இருமியது. அந்த இருமலை அவளுக்குத் தெரியும். சின்ன வயதில், ஒரே போர்வைக்குள், மழைக்காலம் முழுக்கக் கேட்ட இருமல்.

"சின்னக்கா," என்றது கருவி.

கதவைத் திறந்தது அவளுக்கு நினைவில்லை. நடையில் நின்று கைபேசியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மணி போனது. போய்க்கொண்டேயிருந்தது.

"சொல்லு சின்னக்கா." தம்பியின் குரல். பின்னால் தண்ணீர் பீய்ச்சும் சத்தம், யாரோ சிரிக்கிறார்கள். "என்ன, ஓடி வந்தியா? இப்படி மூச்சு வாங்கற? நான் உயிரோடதான் இருக்கேன்."

சுவரில் சாய்ந்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"எங்கடா இருக்கே?"

"நிலையத்துலதான். வண்டி கழுவறோம். லீவு நாள்ல கூட உன்னை விடமாட்டாங்களா? அந்தக் கம்பெனியவே உன் பேருக்கு எழுதி வச்சிடப் போறாங்க பாரு."

"டேய், உன் செட்டு எங்க? பெட்டியிலதானே இருக்கு?"

"காலைல வரைக்கும் பெட்டியிலதான் இருந்துச்சு. இப்பத்தான் தகவல் வந்துச்சு, குறை ஒண்ணும் இல்லைன்னு. எடுத்து மாட்டிக்கிட்டேன்." பெருமை அவன் குரலில் வழிந்தது. "நான் அப்பவே எல்லார்கிட்டயும் சொன்னேன், எங்கக்கா கை பட்ட சாமான் தப்பாப் போகாதுன்னு."

"இல்லடா. அதைக் கழட்டி வை. இப்பவே கழட்டு. சூடானா அது கேக்காது. நான்தான்..."

அவன் பின்னால் மணி அடித்தது. நீளமாக, நிற்காமல். தண்ணீர்ச் சத்தம் நின்றது. பூட்ஸ் கால்கள் ஓடின.

"நான்தான்டா தப்புப் பண்ணேன்! அதை எடுத்துட்டுப் போகாதே!"

"என்ன?" அவன் கத்தினான். "மணிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல சின்னக்கா! அப்புறம் பேசறேன்!"

இணைப்பு அறுந்தது.

மறுபடி அழைத்தாள். எடுக்கவில்லை. நிலையத்து எண்ணை அழைத்தாள். ஒரு பெண் எடுத்தாள்.

"வண்டி தெருவத் தாண்டிடுச்சும்மா. அவசரம்னா சொல்லுங்க, செட்டுல சொல்லிடறேன்."

"செட்டுல சொல்லாதீங்க. அந்த செட்டு கேக்காது."

"எந்த செட்டு? நல்லா இருக்குன்னு இப்பத்தானேம்மா எழுதிக் கொடுத்திருக்காங்க. நீங்க யாரு பேசறது?"

"நான்தான்..." அவள் உதடு ஒட்டிக்கொண்டது. "நான்தான் எழுதிக் கொடுத்தேன்."

"வெளையாடற நேரமாம்மா இது?" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் வைத்துவிட்டாள்.

உண்மையைச் சொல்லியாயிற்று. ஆனால் பொய் முந்திக்கொண்டது. எது முதலில் வருகிறதோ அதுதான் வழியைத் திருப்பும். பின்னால் வருவது எவ்வளவு சரியாக இருந்தும் என்ன. இது அவளுக்குத் தெரியாத பாடமா?

தூரத்தில் சைரன். எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியாது. அவனுடைய குரல் எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரியும்.

ஊமை அறையின் கதவைத் திறந்தாள்.

சூடு முகத்தில் அடித்தது. நாற்றம் இப்போது பழையதாக இல்லை. கருவிக்குக் கீழே மேசை விரிப்பு பழுத்துச் சுருங்கிக்கொண்டிருந்தது. கதவு அவளுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. வெளியே கேட்ட சைரன் கத்தியால் வெட்டியதுபோல நின்றது.

பொத்தான் அமுங்கியது.

"உள்ள ரெண்டு வழி இருக்கு. எந்தப் பக்கம்?"

குரல் காத்திருந்தது. பொத்தான் வெளியே வந்தது. அவன் பதிலுக்காகக் கேட்கிறான். அவனுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. இல்லை, எல்லாரும் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அமுங்கியது.

"ஒண்ணும் கேக்கல."

ஒவ்வொரு முறை அவன் அமுக்கும்போதும் காது இன்னும் கொஞ்சம் கருகும். "பேசாதடா," என்றாள். "அமுக்காதடா. பேசப் பேசத்தான் கேக்காமப் போகும்." வார்த்தைகள் உதட்டைத் தாண்டியதும் பஞ்சில் விழுந்து செத்தன.

அமுங்கியது.

"சின்னக்கா. நீயாவது சொல்லேன்."

சூடு. சூடுதான் எல்லாவற்றுக்கும் காரணம். ஆறினால் மைனஸ் நேரத்துக்கு வரும். ஆறினால் வரிசை சரியாகும். ஆறினால் கேட்கும். அவள் யோசிக்கவில்லை. கை தானாகக் கருவியை எடுத்தது, தோல் பொரிந்தது, விடவில்லை. தெரிந்த ஒரே வைத்தியம். ஒருமுறை பலித்த வைத்தியம். உதட்டைக் குவித்தாள்.

ஃபூ.

ஃபூ.

பொத்தான் அமுங்கியது. குரலுக்கு முன்னால் வேறொரு சத்தம் வந்தது. வறண்ட அட்டைகள் ஒரே மூச்சில் பற்றிக்கொள்ளும் சத்தம்.

"காத்து வருது," என்றான் அவன். "எங்கிருந்தோ காத்து வருது... யாரோ ஊதற மாதிரி."

இருமினான்.

அவள் உதடு குவிந்தபடியே நின்றது. இதை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். இது முன்பே வந்துவிட்டது. காரணம் பின்னால் வந்திருக்கிறது.

ஊதுவதை நிறுத்தினாள். ஆனால் மூச்சு வந்தது. மூக்கிலிருந்து, தடுக்க முடியாமல். அது போன அதே கணம் கருவிக்குள் நெருப்பு குபுக்கென்று ஏறியது. உள்ளே இழுத்தாள், நெருப்பு பின்வாங்கியது. விட்டாள், ஏறியது. அவன் அலறினான்.

கருவி கையிலிருந்து நழுவி மேசையில் விழுந்தது. இரண்டு கைகளாலும் வாயையும் மூக்கையும் சேர்த்துப் பொத்திக்கொண்டாள். இறுக்கமாக. கதவை நோக்கி ஓட முடியவில்லை; ஓடினால் மூச்சு வரும்.

அசையாமல் நின்றாள்.

சத்தம் குறைந்தது. இன்னும் குறைந்தது.

"அடங்குது," என்றது அந்தக் குரல், நம்பமுடியாத நன்றியோடு. "காத்து நின்னுடுச்சு, சின்னக்கா. அடங்குது."

கறுத்த கூம்புகள் நாலு பக்கமும் அவளைப் பார்த்தபடி இருந்தன. கன்னம் வீங்கி, கண் பிதுங்கி, விரலிடுக்கெல்லாம் வியர்வை வழிய அவள் நின்றாள். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று வெளியே வர முட்டியது. பேட்டரி இல்லாத அந்தக் கருவியில், பொத்தான் வெளியே வந்து அப்படியே நின்றது.

அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.